காலி அறைக்கு எத்தனை கிலோ?

ஜனவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. இங்கே தலை முதல் வால் வரை எல்லாம் நலம். அங்கே நீயும் உன் நாலுகால் நண்பர்களும் நலமா? உன் இருமல் போச்சா?

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்காதே. போன் இல்லாதவர்கள் எழுதுவார்கள். என் போன் அப்பாவின் பீரோவுக்குள் கைதாகிக் கிடக்கிறது. குற்றம் இதுதான். எங்கள் ஹெச்.எம். மேடம் பேசத் தொடங்கும் முன் "க்ஹ்ஹும்" என்று ஒரு செருமல் செருமுவாரே, அதைப் பதிவு செய்து வகுப்பில் எல்லோர் போனிலும் அலாரமாக வைத்தேன். காலைக் கூட்டத்தில் மேடம் மைக் முன்னால் வந்து வாயைத் திறந்தார். நாற்பது பைகள் ஒன்றாகச் செருமின.

அப்பா திட்டவே இல்லை. "நாப்பது போன்லயும் ஒரே நேரத்துலயா? ஒண்ணுகூட முந்தலையா?" என்றார். இது பெருமையா, வருத்தமா என்று நான் கண்டுபிடிப்பதற்குள் பீரோ பூட்டப்பட்டுவிட்டது. பள்ளி முடிந்தால்தான் போனுக்கு விடுதலையாம். உன் பண்ணையிலோ சிக்னலே கிடையாது. ஆக, இனி நமக்குத் தபால்காரர்தான் டவர்.

அடுத்த விஷயம் உனக்கே தெரியும். ஜூனில் நான் பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகவேண்டும். இங்கே அப்பாவோடு இருந்து படிப்பதா, அங்கே உன்னோடு வந்து படிப்பதா என்று நான்தான் சொல்ல வேண்டும். நீ தனியாகப் போன பிறகு நீயும் அப்பாவும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். அவரைக் கேட்டால் "உன் இஷ்டம்மா." உன்னைக் கேட்டால் "உன் இஷ்டம்டி." ஒரு "ம்மா", ஒரு "டி", அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை ஒரு சந்தேகம். மாட்டுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை என்று அப்பா சொன்னார். எப்படிக் கண்டுபிடிப்பாய்? எதைக் கேட்டாலும் அது "மா" என்றுதானே சொல்லும்?

இப்படிக்கு,
போன் இழந்தும் மானம் இழக்காத,
வாலு

---

ஜனவரி 24

அன்பு வாலு,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் மறுபடி வந்து மறுபடி போனது. மற்றபடி நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் வலது தோள்பட்டை எப்படி இருக்கிறது?

மாட்டிடம் கேட்க ஒரே வழி, அதன் முன்னால் இரண்டு வாசல் வைப்பது. ஒரு பக்கம் வைக்கோல், ஒரு பக்கம் பசும்புல். எங்கே போகிறது என்று பார்ப்போம். ஆனால் இதில் ஒரு குறை. இரண்டில் எது மேல் என்றுதான் தெரியும். எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது. இரண்டுமே பிடிக்காமல், போனால் போகிறது என்று ஒன்றுக்குள் போயிருக்கலாம்.

அதனால்தான் கதவு. மாடு தலையால் முட்டித் தள்ளினால் திறக்கும். கதவில் ஒரு கயிறு, கயிறு ஒரு கப்பி மேல் போகும், கயிற்று நுனியில் எடைக் கல். இன்று லேசாகத் தள்ளினால் போதும். நாளை ஒரு கல் கூடும். பிறகு இன்னொன்று. ஒரு நாள் மாடு முட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டு வேண்டாம்" என்று திரும்பிவிடும். எந்த எடையில் திரும்புகிறதோ, அதுதான் அதன் பதில்.

கதவுக்குப் பின்னால் ஒரு நாள் தீவனம் இருக்கும், ஒரு நாள் மெத்தென்ற படுக்கை, ஒரு நாள் முதுகு சொறிய மின்சாரத்தில் சுழலும் பிரஷ். கொட்டகை கட்டுகிறவர்கள் "மாட்டுக்கு எதுக்குங்க இந்த ஆடம்பரம்?" என்பார்கள். "நான் சொல்லலைங்க, மாடு சொல்லுது. இத்தனை கிலோ சொல்லுது" என்று காட்டுவதற்குத்தான் இத்தனை பாடும்.

எங்களிடம் ஒரு கறுப்பு மாடு இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோல் எல்லோரையும் பார்க்கும். கதவைத் தள்ளும் முன் ஒரு செருமல் வேறு. உன் நினைவு வந்தது.

முடிவுக்கு அவசரம் இல்லை. உன் இஷ்டம்டி.

அன்புடன்,
அம்மா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம், என் குறும்பும் நலம். ஹெச்.எம். நலமா? ஆமாம், அந்தக் கறுப்பு மாட்டுக்கு நான் பெயர் வைத்துவிட்டேன். இனி அவரை "அது" என்று எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

ஆராய்ச்சியில் "ஆ" இருப்பது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் உன் ஆராய்ச்சியில் ஓர் ஓட்டை. எங்கள் வகுப்பில் ஒருத்தன் எந்தக் கதவைப் பார்த்தாலும் தள்ளுவான். உள்ளே போகமாட்டான், தள்ளுவான், அவ்வளவுதான். உன் மாடுகளும் அந்த ஜாதியாக இருந்தால்? பிரஷ் பிடிக்கிறது என்று நீ எழுதிவைப்பாய், அதற்குப் பிடித்தது கதவாக இருக்கும். பின்னால் ஒன்றுமே இல்லாத காலி அறையை வைத்துப் பார்த்தாயா?

நானும் இங்கே ஆராய்ச்சி தொடங்கிவிட்டேன். விலங்கு: அப்பா.

நீ போன பிறகு அவருக்கு ஒரு பழக்கம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், ஷூ மாட்டிக்கொண்டு, டப்பா எடுத்துக்கொண்டு, என் அறைக் கதவைத் திறந்து பார்ப்பார். கொஞ்ச நேரம் நிற்பார். சாத்திவிட்டுப் போய்விடுவார். நான் தூங்குவதாக நினைப்பு அவருக்கு. தூங்குவதுபோல் நடிப்பதில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று அவருக்குத் தெரியாது.

எதற்காகத் திறக்கிறார்? உள்ளே தீவனமும் இல்லை, பிரஷும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு ஒரு வாலு படுத்திருக்கிறது. இதற்கு எத்தனை கிலோ கொடுப்பார்?

அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கப்பியை எடுத்தேன். கதவின் உள்பக்கக் கைப்பிடியில் கயிறு, நிலையில் கப்பி, கயிற்றின் நுனியில் என் பழைய பள்ளிப் பை. முன்னால் சீருடையைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டேன். பைக்குள் முதல் எடையாகக் கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகம் எனக்குப் பயன்பட்டது இதுவே முதல் தடவை.

முதல் நாள்: தள்ளினார். பார்த்தார். போனார்.

உன் மேலான ஆலோசனையை எதிர்பார்க்கும்,
இளம் விஞ்ஞானி வாலு

---

பிப்ரவரி 27

அன்பு வாலு,

பதில் தாமதம். இங்கே இரண்டு கன்றுகள் அடுத்தடுத்துப் பிறந்தன. எல்லோரும் நலம். நீ நலம்தானே? அடுத்த கடிதம் எதுவும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலி அறையைப் பற்றிக் கேட்டாய். சரியான கேள்வி. எங்கள் ஆராய்ச்சியிலும் காலி அறை உண்டு. நீ சொன்ன அதே காரணத்துக்காகத்தான். மற்ற மாடுகள் காலி அறையை ஓரிரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. எடை கொஞ்சம் கூடியதும் திரும்பியே பார்க்கவில்லை.

ஹெச்.எம். மட்டும் தள்ளுகிறார். (மரியாதை கொடுத்துவிட்டேன், நடவடிக்கை வேண்டாம்.) கல் கூடக் கூடத் தள்ளுகிறார். தீவனத்துக்குத் தள்ளுகிற அளவுக்குக் காலி அறைக்கும் தள்ளுகிறார். உள்ளே போய் மூலையில் நிற்கிறார். போதும் என்று தோன்றினால் வெளியே வருகிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மாட்டுக்குக் கதவு எதற்கு என்பதே விளங்கவில்லை, கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார் துறைத் தலைவர். எனக்கு மனசு வரவில்லை. புரியாததை எல்லாம் தூக்கிப் போட்டால் ஆராய்ச்சி எதற்கு? கொஞ்ச நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அப்பாவை வைத்து விளையாடாதே. தோள்பட்டைக்காரர். இன்னொன்று, ஆராய்ச்சி என்றால் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். திடீரென்று ஏற்றவும் கூடாது, திடீரென்று எடுக்கவும் கூடாது.

(விளையாடாதே என்றுதான் சொல்ல வந்தேன்.)

அன்புடன்,
அம்மா

---

மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். ஆனால் ஆவல் தாங்கவில்லை. ஹெச்.எம்.மைத் தள்ளுபடி செய்யப் போகிறார்களா? தள்ளுகிற வேலையைப் பார்ப்பதே அவர்தானே! உன் தலைவரிடம் சொல், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும், ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், தள்ளுகிற மாட்டைத் தள்ளிவிடக் கூடாது.

நான் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தேன். மற்ற மாடுகளின் தொல்லை தாங்காமல் தனிமை தேடுகிறாரோ? அப்படியென்றால் வெளியே வரவே மாட்டாரே. உடற்பயிற்சியோ? அவர் பார்வையை நீ வர்ணித்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

அப்போதுதான் எங்கள் ஒரிஜினல் ஹெச்.எம். ஞாபகம் வந்தது. அவருக்கும் மாடியில் ஒரு காலி அறை உண்டு. மதியம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே என்ன செய்கிறார் என்று பள்ளியே பயந்து கிடந்தது. போன வருஷம் நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் நின்று, விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார் அம்மா! எங்களுக்குத் தெரியாமல்!

ஆக, என் கேள்வி: அந்த அறை காலி என்று சொன்னது யார்? நீயா, மாடா? உள்ளே போய் அவர் நிற்கிற மூலையில், அவர் உயரத்தில் நின்று பார்த்தாயா?

இங்கே ஆராய்ச்சி அமோகம். கணக்கோடு அறிவியல் சேர்ந்தது, பிறகு வரலாறு, பிறகு அகராதி. பாடச்சுமை என்றால் என்ன என்று அப்பாவுக்கு இப்போது தெரிந்திருக்கும். முதலில் விரலால் திறந்தார், பிறகு உள்ளங்கையால், இப்போது டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும். கதவுக்கு என்ன ஆச்சு என்று ஒரு தச்சரைக்கூடக் கூப்பிடவில்லை. தள்ளுகிறார், பார்க்கிறார், போகிறார்.

ஆங், அந்த முடிவு. யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வருவேன் என்றும் சொல்ல மாட்டேன், வரமாட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். "மாட்டேன்" என்பதிலும் மாடு இருக்கிறது பார்.

உன்,
வாலு

---

மார்ச் 19

அன்பு வாலு,

நலம். இன்று ஒரு பக்கத்துக்கு மேல் எழுத நேரமில்லை. பரீட்சைக்குப் படிக்கிறாயா? அகராதியைக் கதவில் கட்டிவிட்டால் எதைப் பார்த்துப் படிப்பாய்?

நான் அந்த அறைக்குள் போனதில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. நீ கேட்டதும்தான் உறைத்தது. போய்ப் பார்க்கிறேன்.

இங்கே பக்கத்து ஊர்ப் பள்ளியில் பதினொன்றுக்கு இடம் இருக்கிறதாம். வேறு வேலையாகப் போனபோது காதில் விழுந்தது. பண்ணையில் நம் வீட்டில் அந்தச் சின்ன அறைக்கு வெள்ளையடித்து முடித்தாயிற்று. பண்ணை வீடுகள் எல்லாவற்றுக்கும் அடித்தார்கள், அதோடு இதுவும்.

சும்மா சொன்னேன். எல்லாம் உன் இஷ்டம்.

அம்மா

---

ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

பரீட்சை முடிந்தது. நான் நலம். போன் விடுதலையாகிவிட்டது. அப்பாவே வந்து கையில் கொடுத்தார். ஆனாலும் கடிதம்தான் எழுதுகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் "சரி விடு" என்பாய்.

ஆராய்ச்சியை முடித்துவிட்டேன். முடிவு சொல்கிறேன், கேள்.

போன வாரம் பையில் எல்லாப் புத்தகமும் போக மணலும் போட்டேன். நானே இரண்டு கையால் இழுத்தால்தான் கதவு திறந்தது. சரி, இன்றைக்கு விட்டுவிடுவார் என்று போர்வைக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு படுத்திருந்தேன். கதவு கொஞ்சம் அசைந்தது. நின்றது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு மறுபடி அசைந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார் அம்மா. அந்தத் தோளை. ஒரு முகம் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. அதன் வழியாக என்னைப் பார்த்தார். பார்த்து முடித்து, சத்தம் வராமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பு, முயன்று பார்த்தேன்.

நீ எனக்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறாய், நீயும் அப்பாவும். எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்க்கிறீர்கள். அதில் குறை இருக்கிறது என்று நீயே எழுதினாய். எனக்கு அங்கே வரவேண்டும் அம்மா. ஜனவரியிலேயே தெரியும். ஆனால் உன் பக்கக் கதவில் ஓர் எடை தொங்குகிறது. அதற்குப் பெயர் அப்பா. நான் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டால், காலையில் ஷூ மாட்டிக்கொண்டு அவர் யாரைப் பார்ப்பார்?

அதாவது பரவாயில்லை. தனக்கு நான் வேண்டும் என்று அவர் எத்தனை கிலோ சொல்வார் என்று இப்போது தெரியும். உன் எடை தெரியாது. பள்ளியில் இடம் இருப்பது காதில் விழுந்தது, வெள்ளையடித்தது பண்ணைக்காரர்கள், மற்றதெல்லாம் என் இஷ்டம். மாட்டுக்கு என்ன வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்கிறாய். உனக்கு என்ன வேண்டும் என்று உன்னிடமிருந்து கறக்கவே முடியவில்லையே!

காலி அறைக்குள் போய்ப் பார்த்தாயா, இல்லையா?

வாலு

---

ஏப்ரல் 29

அன்பு வாலு, என் கண்ணு,

நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே அந்த அறைக்குள் போனேன். ஹெச்.எம். நிற்கிற மூலைக்குப் போய் நின்றேன். சுவர்தான் தெரிந்தது. பிறகு நீ சொன்னபடி அவர் தலை உயரத்துக்குக் குனிந்தேன். காற்றுக்காக வைத்த பலகையில் இரண்டு சட்டம் கழன்று, ஒரு கை அகலத்துக்குச் சந்து. அதன் வழியே பண்ணையின் வெளிக் கேட் தெரிந்தது. கேட்டிலிருந்து வருகிற பாதை முழுக்கத் தெரிந்தது. தீவன லாரி, பால்வண்டி, சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள், எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும்.

அந்தச் சந்தில் ஒரு பலகையை அடித்து மூடிப் பார்த்தோம். ஹெச்.எம். இரண்டு தடவை தள்ளி உள்ளே போனார், மூலையில் நின்று செருமினார், வெளியே வந்தார். அதன் பிறகு காலி அறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையை எடுத்தோம். மறுபடி தள்ளினார், முழு எடைக்கு. ஒன்றும் கிடைக்காது அவருக்கு. யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு வேளைத் தீவனத்தின் எடை. தலைவரே ஒப்புக்கொண்டார். ஹெச்.எம். தள்ளுபடி இல்லை. இனி வெளியே பார்க்க ஒரு ஜன்னலையும் சேர்த்து எல்லா மாடுகளுக்கும் அளக்கப் போகிறோம்.

அந்தச் சந்தில் குனிந்து நின்றபோது தபால்காரர் வந்தார். கேட்டைத் திறந்து உள்ளே வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோதுதான் தோன்றியது, நானும் இந்த நாலு மாதமாக அலுவலக ஜன்னலில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வா என்று நான் சொன்னால் அது உன்மேல் ஏற்றுகிற கல் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் எடையில்லாமல் வைத்தால் நீ சுலபமாக முடிவு செய்வாய் என்று நினைத்தேன். அளக்கத் தெரிந்த எனக்கு, எடையில்லாத கதவுக்குப் பின்னால் யாருமே இல்லை என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும் என்பது தெரியவில்லை.

அந்த அறைக்கு வெள்ளையடித்தது பண்ணைக்காரர்கள் இல்லை. நான். முதலில் பச்சை அடித்தேன். நீ கிண்டல் செய்வாய் என்று அதன்மேல் வெள்ளை அடித்தேன். பள்ளியில் இடம் இருப்பது காதில் விழவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்க் கேட்டேன், மூன்று தடவை.

எனக்கு நீ இங்கே வேண்டும். இதற்கு மேல் "உன் இஷ்டம்" என்று எழுதினால் நீ என்னை ஹெச்.எம்.மிடம் பிடித்துக் கொடுக்கலாம்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வா. அல்லது கேட்டுவிட்டு அங்கேயே இரு. என் எடை குறையாது.

அம்மா

---

மே 8

என் அன்பு அம்மாவுக்கு,

நான் நலம். அப்பா கிட்டத்தட்ட நலம். பயப்படாதே, முழுசாகப் படி.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பாவிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது என்று தொடங்கிவிடுவார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டவள் நீ, உனக்குத் தெரியாதா. ஒரு லிஃப்ட் கதை பத்து மாடி போகும்.

சரி, குறைந்தபட்சம் தோளையாவது காப்பாற்றுவோம் என்று கதவிலிருந்து பையைக் கழற்றிவிட்டேன். மொத்தமாக. திடீரென்று எடுக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். நான் எப்போது நீ சொன்னதைக் கேட்டேன்?

காலையில் அப்பா வழக்கம்போல வந்தார். வழக்கம்போலத் தோளைக் கொடுத்தார். கதவு பட்டென்று திறந்தது. அப்பா அறைக்குள் பறந்து வந்து, நாற்காலியைத் தாண்டி, என் செருப்பு, துணி, டென்னிஸ் மட்டை எல்லாவற்றின் மேலும் இறங்கினார். டப்பா உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் தரையில் படுத்தபடி கூரையைப் பார்த்தார்.

"எடையை எடுக்கறதுன்னா சொல்லிட்டு எடுக்கணும்மா" என்றார். "எங்க வேலையில அதுதான் முதல் பாடம்."

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? வருஷக்கணக்கா லிஃப்டுக்கு எதிர் எடை கட்டறவன் வீட்டுக் கதவுல எடை கட்டிட்டு, தெரியுமான்னு கேக்கறா! முதல் நாளே தெரியும். கப்பி என்னோடது. கிறீச்சுன்னு கத்துச்சு. நீ முழிச்சிடுவேன்னு அன்னிக்குச் சாயங்காலம் நீ வெளிய போனதும் எண்ணெய் போட்டேன்."

"எண்ணெய் போட்டீங்களா? பையை எடுத்துப் போட்டிருக்கலாமே!"

"உன் பை. நீ எதுக்கோ கட்டியிருக்க. நான் ஏன் எடுக்கணும்?"

"அப்ப எதுக்குப்பா தெனமும் தள்ளினீங்க?"

"நீ எதுக்குக் கட்டினே?"

அப்பா மட்டையை முதுகுக்கு அடியிலிருந்து உருவி எடுத்தார்.

"அம்மாகிட்ட போறியா?" என்றார் கூரையிடம்.

நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை.

"நீங்க தனியா இருப்பீங்களேப்பா. அதான் எடையா இருக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "லிஃப்டுல எதிர் எடை எதுக்குன்னு நினைச்சே? நிறுத்தி வைக்கறதுக்கா? தூக்கறதுக்கும்மா. அது கீழ இறங்கினாதான் உள்ள இருக்கறவங்க மேல போவாங்க."

அப்புறம் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். துணி வைக்கவாம். பூட்டு சரியில்லை என்று அவரே கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார், இதோ கூடத்தில்.

வருகிறேன் அம்மா. இரண்டு பஸ் மாறி. பச்சையே இருந்திருக்கலாம், கிண்டல் செய்ய ஒரு விஷயம் குறைந்துபோச்சு.

இப்படிக்கு,
இனி தபாலில் வராமல் நேரில் வரப்போகும்,
வாலு

---

ஜூன் 17

வாலுவுக்கு அப்பா எழுதுவது.

நலம். தோள் நலம். நீ போனில் தினமும் பேசுகிறாய், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீயும் அம்மாவும் எழுதிக்கொண்டீர்கள், எனக்கு யாரும் எழுதவில்லை. அதனால் நானே தொடங்கிவிட்டேன். இதற்குப் பதில் வரவேண்டும்.

பள்ளி எப்படி இருக்கிறது? அங்கே யாருடைய செருமலையும் பதிவு செய்யாதே. செய்தாலும் மாட்டிக்கொள்ளாதே. அம்மாவுக்கு இருமல் வந்தால் வெந்நீர் வைத்துக் கொடு, கேட்கமாட்டாள், நீ வைத்துவிடு.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கிளம்பும்போது பழக்க தோஷத்தில் உன் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தேதான் திறக்கிறேன். ஆனால் விரல் பட்டதும் திறந்துவிடுகிறது. அது நன்றாக இல்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் உன் பழைய பையை எடுத்து, கணக்கு, அறிவியல், வரலாறு, அகராதி எல்லாவற்றையும் போட்டு, பழையபடி கப்பியில் மாட்டிவிட்டேன். மணல் போடவில்லை, அம்மா திட்டுவாள். இப்போது சரியாக இருக்கிறது. இரண்டு கையால் தள்ளுகிறேன், பார்க்கிறேன், போகிறேன்.

வெளிக் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த மேடத்திடம் சொல்லிவை. சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். நீலச் சட்டை, கையில் டப்பா. உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவர்தான் பார்ப்பார்.

அப்பா